மிஸ்டர் இலக்கம்

எனக்கு இதுவரை வந்த கடிதங்களிலேயே மிகவும் மரியாதையான கடிதம் ஒரு தபால் விற்பனைக் கம்பனியிடமிருந்து வந்தது. நல்ல தடித்த தாள், நீல எழுத்து, மேலே ஒரு பூங்கொத்துப் படம். "அன்புள்ள மிஸ்டர்" என்று தொடங்கி, அதற்குப் பக்கத்தில் என் சிறை இலக்கத்தை அச்சிட்டிருந்தார்கள். ஓர் ஆங்கில எழுத்து, பின்னால் ஐந்து இலக்கங்கள். அதுதான் என் குடும்பப் பெயர் என்று அந்தக் கம்பனி மனதார நம்பியது.

எண்பதுகளின் கடைசி அது. லண்டனிலேயே ஒரு பழைய சிறையில் இருந்தேன். மனைவியின் தம்பி வேறொருவருடைய பாஸ்போட்டில் வந்தான். அவனை விமான நிலையத்தால் வெளியே கூட்டிவரப் போனேன். அவன் அகதி மனுக் கொடுத்து ஒரு கிழமையில், ஏழே நாளில், வெளியே வந்தான். நான் உள்ளே போனேன். ஒரு வருடம் தீர்த்தார்கள், ஒழுங்காக இருந்தால் எட்டு மாதம் என்றார்கள். ஒழுங்காக இருப்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. அன்றைக்கு ஒருநாள்தான் துணிந்தேன், அன்றைக்கே அகப்பட்டேன்.

மனைவியும் ஆறு வயது மகளும் லண்டன் எட்மண்டனில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் இருந்தார்கள். நான் எங்கே என்று கேட்டவர்களுக்கு மனைவி, "அவர் கப்பலுக்குப் போயிட்டார்" என்று சொல்லிவிட்டாள். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களில் கப்பல் வேலைக்குப் போகாதவர்கள் குறைவு. ஓர் ஆள் திடீரென்று காணாமல் போனால் கப்பல் என்று ஒரு சொல் போதும், மேலே யாரும் கேட்கமாட்டார்கள். மகளுக்கும் அதையே சொன்னாள். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. என்ன தண்டனையையும் அனுபவிக்கலாம், அப்பா மறியலில் இருக்கிறார் என்று அந்தப் பிள்ளைக்கு மட்டும் தெரியக்கூடாது. இதை நான் ஒரு நேர்த்திக்கடன்போல மனதில் வைத்திருந்தேன்.

பிள்ளைக்கு ஏழாவது பிறந்தநாள் வந்தது. மனைவி மாதத்துக்கு ஒருதரம் என்னைப் பார்க்க வருவாள், மகளைக் கீழ்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு. அப்படி வந்த ஒருநாள், "என்ன வேணுமெண்டு கேட்டனான். உலக உருண்டை வேணுமாம்" என்றாள்.

"உலக உருண்டையோ? ஏன்?"

"அப்பான்ர கப்பல் எங்கை நிக்குது எண்டு பாக்கவாம்."

நான் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. பிறகு நானும் நிறுத்திக்கொண்டேன்.

சிறையின் எங்கள் பகுதியில், எங்கள் விங்கில், ஒரு தடித்த விலைப்பட்டியல் புத்தகம் கைமாறித் திரிந்தது. பெண்களின் உள்ளாடைப் பக்கங்களை யாரோ முன்பே கிழித்து எடுத்துவிட்டார்கள். விளையாட்டுச் சாமான் பக்கங்களுக்கு ஒரு சேதமும் இல்லை. அதில் ஓர் உலக உருண்டை இருந்தது, உள்ளே பல்பு எரியும். அடித்தட்டில் பித்தளைத் தகடு, அதில் விரும்பிய சொற்களை இலவசமாகப் பொறித்துத் தருவார்களாம். பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஐந்து கிழமை இருந்தது. சிறைத் தையல் வேலையில் கிடைத்த கூலியைச் சேர்த்து, சிறை ஒபிசரிடம் கேட்டு போஸ்டல் ஓடர் எடுத்து, படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன்.

சனியன் அந்தப் படிவத்தில்தான் இருந்தது. பெயர் என்று ஒரு பெட்டி, குடும்பப் பெயர் என்று இன்னொரு பெட்டி. எங்கள் ஆட்களுக்கு எங்கே குடும்பப் பெயர்? அப்பாவின் பெயரை முன்னால் வைப்போம், அவ்வளவுதான். இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது அப்பாவின் பெயரைத் தூக்கி எனக்குக் குடும்பப் பெயர் ஆக்கினார்கள். என் பெயர் மகளுக்குக் குடும்பப் பெயர் ஆகியது. மனைவிக்கு அவளுடைய அப்பாவின் பெயர். ஒரே அறையில் மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர்.

வெளியே இருக்கும்வரை அது ஒரு பகிடியாகத்தான் இருந்தது. உள்ளே வந்தபின் தாங்கமுடியவில்லை. காலையில் கதவு திறந்து ஆளெண்ணும்போது ஒபிசர் குடும்பப் பெயரையும் இலக்கத்தின் கடைசி மூன்றையும் கூப்பிடுவார். அப்பாவின் பெயர், பிறகு "நாலு ஒன்று ஏழு". என் அப்பா தபால் கந்தோரில் முப்பது வருடம் இருந்த மனிதர், பொலிஸ் நிலைய வாசலைக்கூட மிதித்ததில்லை. செத்துப்போன அந்த மனிதரைத் தினமும் காலையில் மறியல் வரிசையில் நிற்பாட்டிக் கூப்பிடுகிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பேத்தியின் பரிசுக்கும் அந்தப் பெயரை இங்கிருந்து எழுதுவதா? எழுதமாட்டேன் என்று பெட்டியை வெறுமையாக விட்டேன். தகட்டுக்கு உரிய இடத்தில் ஆங்கில எழுத்தில் "அப்பா" என்று மட்டும் எழுதினேன். பாசல் போகவேண்டிய விலாசமாக எட்மண்டன் வீட்டைக் கொடுத்தேன்.

வெளியே போகும் தாள் எல்லாவற்றையும் விங் கந்தோரில் பார்ப்பார்கள், பெயரோடு இலக்கமும் இருக்கவேண்டும் என்பது சட்டம். அங்கே இருந்த ஒபிசர் வெறுமையான பெட்டியைக் கண்டார். கண்டதும், நல்லதாய்ப் போச்சு என்று என் இலக்கத்தை அதற்குள் எழுதிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. அப்பாவின் பெயர் போகவில்லை, அது போதும் என்றுதான் எனக்குப் பட்டது. பிறகு எத்தனையோ தரம் தலையில் அடித்துக்கொண்டது இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான்.

பத்து நாள் கழித்துத்தான் பூங்கொத்துக் கடிதம் வந்தது. அன்புள்ள மிஸ்டர் இலக்கம், உங்கள் ஓடர் கிடைத்தது, மிக்க நன்றி. தகட்டில் பொறிப்பதற்கு நீங்கள் எழுதியிருந்த "அப்பா" என்ற சொல் எங்களுக்கு விளங்கவில்லை. அது எழுத்துப் பிழையாக இருக்கலாம் என்பதால், எங்கள் வழக்கப்படி வாடிக்கையாளரின் முழுப் பெயரைப் பொறிக்கிறோம். அதற்குக் கீழே, நடுவில் வைத்து, பெரிய எழுத்தில் மாதிரியும் போட்டிருந்தார்கள். "அன்புடன்" என்று ஒரு வரி. அடுத்த வரியில் என் பெயரும் என் சிறை இலக்கமும்.

கடிதத்தை இரண்டாம் தரமும் வாசித்தேன். மகளின் கண்ணுக்கு நேரே, பித்தளையில், அழியாமல், அப்பாவின் மறியல் இலக்கம். அவள் ஆங்கிலம் வாசிப்பாள். வாசிக்காவிட்டாலும் கீழ்வீட்டு அக்காவின் புருஷன் வாசிப்பார், அவர் பழைய கந்தோர்க் கிளாக்கர், கண்ட இலக்கம் எல்லாவற்றையும் பற்றிக் கேள்வி கேட்பவர்.

எங்களுக்குக் கிழமைக்கு ஒரு கடிதம்தான் இலவசம், அதை எப்போதும் மனைவிக்கு எழுதுவேன். அந்தக் கிழமை கம்பனிக்கு எழுதினேன். ஐயா, அப்பா என்பது பிழை அல்ல, எங்கள் மொழியில் தகப்பன் என்று அர்த்தம். தயவுசெய்து அந்த நாலு எழுத்தை மட்டும் பொறியுங்கள். மற்றது என் பெயர் அல்ல. என்ன, எது என்று எழுதக் கை வரவில்லை, "மற்றது ஒரு தவறு" என்று முடித்தேன்.

பதில் வரவில்லை. ஒவ்வொரு நாளும் மத்தியானம் கடிதம் கொடுக்கிற ஒபிசரின் சப்பாத்துச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன். அவர் என் கதவைத் தாண்டிப் போனதும் மறுநாளைக்குள் எத்தனை மணி என்று எண்ணத் தொடங்குவேன். அடுத்த கிழமைக் கடிதத்தையும் கம்பனிக்கே எழுதினேன். அதற்குப் பதிலாக ஒரு சிறிய அட்டை வந்தது. "உங்கள் விசாரணை கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது, மிஸ்டர் இலக்கம்." அவ்வளவுதான். யார் கவனித்தார்கள், எதைக் கவனித்தார்கள் என்று ஒரு சொல் இல்லை.

இரண்டு கிழமை என்னிடமிருந்து கடிதம் இல்லாமல் மனைவி பயந்துபோனாள். அடுத்த சந்திப்புக்கு வந்தவள் இருக்கையில் உட்கார முதலே கேட்டாள். "இஞ்சருங்கோ, உங்களுக்கு என்ன? உடம்புக்கு வருத்தமோ? ஏன் எழுதேல்லை?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அவளுடைய முகம் வெளிறியது. பிறகு கோபம் வந்தது. "உந்தப் பேர் வீம்பு உங்களுக்கு இப்ப தேவையோ? மாமான்ர பேரை எழுதியிருந்தா முடிஞ்சிருக்குமெல்லோ?"

"ஓம். முடிஞ்சிருக்கும்" என்றேன்.

அவள் அடுத்த நாளே ரோட்டு மூலை போன் பெட்டியிலிருந்து கம்பனியைக் கூப்பிட்டிருக்கிறாள். அவள் பெயர் வேறு, மகளின் பெயர் வேறு, ஓடர் கொடுத்தவரின் பெயர் வேறு. நீங்கள் யார் என்று கேட்டார்களாம். மனைவி என்று சொல்லியிருக்கிறாள். அப்படியானால் ஏன் உங்களுக்கு அவருடைய குடும்பப் பெயர் இல்லை என்று கேட்டார்களாம். அவள் எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் வரிக்கு வரி சொல்லி, கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: "மிஸ்டர் நம்பர் தானாக் கதைச்சாத்தான் மாத்த ஏலுமாம்."

மிஸ்டர் நம்பர் எப்படிக் கதைப்பது? எங்களுக்குப் போன் இல்லை. கைதிகளின் நலன் பார்க்கும் புரபேசன் கந்தோரில் ஒரு வெள்ளைக்கார அம்மா இருந்தார். சாவு, பிரசவம், வீடு எரிந்தது போன்ற விஷயத்துக்கு மட்டும் தன் போனில் கதைக்க விடுவார். நான் மனுக் கொடுத்து நாலு நாள் காத்திருந்தேன். பிறந்தநாளுக்கு ஆறு நாள் இருந்தபோது கூப்பிட்டார். அவசரம் என்ன என்றார். என் மகளின் உலக உருண்டையில் ஒரு தகடு என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். கதையை முழுக்கக் கேட்டபிறகு தானே எண்ணைச் சுழற்றி ரிசீவரைத் தந்தார்.

முதலில் பாட்டுப் போட்டார்கள். பியானோ வாசித்துக்கொண்டே இருந்தார்கள். அம்மா மணிக்கூட்டைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். கடைசியாக ஒரு பெண்குரல் குடும்பப் பெயர் கேட்டது. பழக்கத்தில் அப்பாவின் பெயரைச் சொல்லிவிட்டேன். அப்படி ஒருவரும் இல்லையே என்றாள். வேறு வழி இல்லாமல் இலக்கத்தைச் சொன்னேன். ஒவ்வோர் எழுத்தாய், ஒவ்வோர் இலக்கமாய், கதவு வாசலில் நின்ற ஒபிசருக்கும் கேட்கும்படி.

"ஆ, மிஸ்டர் இலக்கம்! எப்படி இருக்கிறீர்கள்?" என்றாள் அவள், நெடுநாள் பழகியவள் மாதிரி. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தது.

"அது என் பெயர் இல்லை" என்றேன்.

"இதுதானே உங்கள் படிவத்தில் இருக்கிறது?"

"இருக்கிறது. ஆனால் பெயர் இல்லை."

"அப்படியானால் அந்தப் பெயருக்கு உரியவரோடு கதைக்கமுடியுமா?"

"நான்தான் கதைக்கிறேன்" என்றேன். நான்தான் அந்த இலக்கம் என்று அதுவரை ஒருவருக்கும் நானாகச் சொன்னதில்லை.

அவள் தாள்களைப் புரட்டினாள். உருண்டை நேற்றே அனுப்பியாயிற்று என்றாள். தகடோடுதான். "மிக அழகாக வந்திருக்கிறது. குடும்பத்தில் எல்லோருக்கும் பிடிக்கும்."

அன்று பின்னேரமே மனைவிக்கு எழுதினேன். பாசல் வந்தால் நீர் உடனே எடுத்து ஒளித்துவிடும். பிள்ளை காணக்கூடாது. தகட்டில் இரண்டு சிறிய ஸ்குரூ இருக்கும், கழற்றி எறியும். கழலாவிட்டால் உருண்டையையே எறியும், வேறு வாங்கலாம். அந்தக் கடிதம் பாசலுக்கு முன் போய்ச் சேருமா என்பது ஆண்டவனுக்கும் தபாற்காரனுக்கும்தான் தெரியும். மனைவி விடிய ஆறு மணிக்கே வேலைக்குப் போவாள். பள்ளி விடுமுறை நாள், பிள்ளை கீழ்வீட்டில். பாசல்காரன் பத்து மணிக்கு வந்து மணி அடித்தால் கதவைத் திறப்பது யார்?

அடுத்த சந்திப்புவரை இருந்த நாள்களை நான் எப்படிக் கழித்தேன் என்று இப்போதும் எனக்குத் தெரியாது. பிறந்தநாள் ஒரு புதன்கிழமை. அன்றைக்குத் தையல் அறையில் ஒரு காற்சட்டைக்கு மூன்று கால் வைத்துத் தைத்துவிட்டேன். பிள்ளை இப்போது எழும்பியிருக்கும், இப்போது கேக் வெட்டும், இப்போது தகட்டைத் தடவி வாசிக்கும் என்று மனம் ஓடியது. "இது என்ன நம்பர் அம்மா?" என்று அவள் கேட்கிறாள். மனைவிக்குப் பொய் சொல்ல வராது. கப்பல் என்ற ஒரு பொய்யைச் சொல்லவே அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

மனைவி வந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வந்ததோ?"

"வந்தது. உங்கட கடிதத்துக்கு முந்தியே வந்திட்டுது. நான் வேலையாலை வர, பிள்ளை பாசலை உடைச்சு வைச்சுக்கொண்டு இருக்குது. லைட்டும் போட்டாச்சு."

"தகடு?"

"அதைத்தான் முதல் வாசிச்சவ. உங்கட பேரை வாசிச்சா. பிறகு நம்பரை வாசிச்சா. கீழ்வீட்டு அண்ணையும் நிக்கிறார். உது என்ன நம்பர் பிள்ளை எண்டு கேட்டார்."

நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"பிள்ளையே சொல்லிப்போட்டுது. அப்பான்ர கப்பல் நம்பராம்." மனைவி கண்ணைத் துடைத்தாள், சிரித்தாள். "அண்ணையும் ஓம் ஓம் எண்டு தலையாட்டினார்."

எனக்கு வந்த ஆறுதலுக்கு அளவில்லை. அன்று இரண்டு பேரும் பைத்தியங்கள்போலச் சிரித்தோம், அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தண்டனை முடிந்து வந்தேன். கப்பலில் என்ன சாப்பாடு, என்ன அலை என்று மகள் கேட்டதற்கெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை வந்தது. நான் வந்து சில மாதத்துக்குப் பிறகு கம்பனியிடமிருந்து ஒரு சிறிய உறை வந்தது. நடந்த தவறுக்கு வருந்துகிறோம், மிஸ்டர் இலக்கம், திருத்திய தகடு இத்துடன். அதில் "பப்பா" என்று பொறித்திருந்தார்கள். அதை மேசை லாச்சிக்குள் போட்டேன், எழுதிச் சண்டைபிடிக்க எனக்குத் தெம்பு இல்லை.

பழைய தகட்டைக் கழற்ற ஒருமுறை ஸ்குரூட்றைவரோடு போனேன். மகள் கண்டு, "வேண்டாம் அப்பா, அது உங்கட ஷிப்" என்றாள். விட்டுவிட்டேன். ஆனால் பயம் விடவில்லை. அவள் அந்த உருண்டையைக் கையில் எடுக்கும்போதெல்லாம், தூசி துடைக்கும்போதெல்லாம், சிநேகிதிகளுக்குக் காட்டும்போதெல்லாம் எனக்குள் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். குரோய்டன் குடிவரவுக் கந்தோரிலிருந்து எங்கள் வதிவிடக் காகிதங்கள் வந்தன. ரெய்னர்ஸ் லேனில் வீடு வாங்கினோம். உருண்டையில் இருந்த சில நாடுகளின் பெயர் உலகத்தில் மாறிப்போனது. தகடு அப்படியே இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. வேறு நகரம். சக்கரம் வைத்த புதுப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன், மூன்று இலக்கம் சுழற்றித் திறக்கிற பூட்டு. போவதற்கு முதல்நாள் அவள் அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, லொக்குக்கு என்ன நம்பர் போட்டனீ? மறந்துபோனா எனக்குப் போன் பண்ணலாமெல்லோ."

"நாலு ஒண்டு ஏழு."

காதுக்குள் அந்தப் பழைய ஒபிசரின் குரல் வந்துபோனது. "ஓ, கப்பல் நம்பர்" என்றேன். பதினொரு வருடம் கழித்தும் என் வாய்க்கு முதலில் வந்தது அந்தப் பொய்தான்.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "அப்பா, ஷிப்புக்கு நம்பர் வைக்கமாட்டினம். நேம்தான் வைப்பினம். ஸ்கூல்ல ஷிப்ஸ் படிக்கேக்கை டீச்சர் சொன்னவ. எனக்கு அப்ப எட்டு வயசு."

நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"பிறகு அம்மான்ர அலுமாரிக்குள்ளை சீலைக்குக் கீழை உங்கட லெட்டர்ஸ் பார்த்தனான். எல்லாத்துக்கும் மேலை அதே நம்பர். பிரிசன் அட்ரஸும் இருந்தது."

"அப்ப உனக்கு இவ்வளவு காலமும் தெரியுமோ?"

"ஓம்."

"ஏன் பிள்ளை ஒருநாளும் கேட்கேல்லை?"

அவள் சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். "நான் அந்த குளோபைத் தொட்டாலே நீங்கள் பயப்பிடுவீங்கள் அப்பா. உங்கட முகம் மாறிப்போகும். பாவமா இருக்கும். அதுதான் கேட்கேல்லை."

அவளுக்குத் தெரியக்கூடாது என்று நான் பயந்த பயத்தை, எட்டு வயதிலிருந்து அவள் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். என்னைக் காப்பாற்றுவதற்காகப் பேசாமல் இருந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பெரிதாக அழுகை வந்தது, அழுதேன்.

"வேற நம்பர் மாத்தட்டோ?" என்று கேட்டாள்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றேன். பிறகு அந்த இலக்கத்தை அவளுக்கு முன்னால் முதல்தரமாக முழுதாகச் சொன்னேன், முன்னெழுத்தோடு சேர்த்து, அன்றைக்குப் போனில் கம்பனிக்குச் சொன்னதைப்போல. அவள் உடுப்பை ஒதுக்கிவிட்டுப் பக்கத்தில் வந்து இருந்தாள். அவளுடைய மாமா வந்து இறங்கிய விமான நிலையத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன்.